25 டாலர் சூரிய அஸ்தமனம்

பழைய ஓவியம் வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தை நேராகப் பார்க்கும் முன்னாடி திருப்பி அதன் முதுகைப் பார்ப்பார்கள். துணியா, பலகையா, அட்டையா? சட்டம் கடையில் வாங்கினதா, கையால் அடிச்சதா? முன்பக்கம் ஆளை மயக்கும், பின்பக்கம் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும்.

எனக்கும் கொஞ்ச வருஷமாக இந்தக் கிறுக்கு இருக்கு. பையில் கனம் இல்லாதவன் சேர்க்கக்கூடிய அசல் ஓவியம் என்றால் அது செகண்ட் ஹேண்ட் நிலக்காட்சிதான். மலை, ஆறு, மரம், அந்தி வானம். வரைந்தவர் யார் என்று தெரியாது, அதனாலேயே விலை கம்மி. "இந்த அழுக்குப் படத்துக்கா காசு குடுத்தீங்க?" என்று வீட்டில் கேட்பார்கள். அதையும் விலையோடு சேர்த்துக்க வேண்டியதுதான் :)

இப்படிப் பேர் தெரியாமல் மலிவாகக் கிடந்த நிலக்காட்சிகளுக்குத் திடீரென்று பேர் வந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் அது நடந்தது. நான் படித்த வரையில் இந்த விஷயத்தில் இதைவிட நல்ல கதை இல்லை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் ஃபோர்ட் பியர்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1950களில் அங்கே கறுப்பினத்தவர்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனிப் பள்ளிக்கூடம். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு ஊருக்குள் வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு. பள்ளி முடித்த கறுப்பினப் பையனுக்குக் காத்திருந்த வேலை என்ன? ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிப்பது, தக்காளி பொறுக்குவது, பழத்தைப் பெட்டியில் அடுக்குவது. அம்புட்டுதான்.

அதே ஊரில் ஏ.ஈ. பேக்கஸ் (1906-1990) என்று ஒரு வெள்ளைக்கார ஓவியர் இருந்தார். ஃப்ளோரிடா நிலக்காட்சிகளில் பெரிய பேர். அவருடைய ஓவியக்கூடத்துக்குக் கதவே கிடையாது என்கிற மாதிரி யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம். அந்தக் காலத்தில், அந்த ஊரில், ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குள் கறுப்பின மாணவர்கள் சகஜமாகப் போய் உட்கார்ந்து படம் கற்றுக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை. எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் தன் கடைசிக் காலத்தை இதே ஊரில்தான் கழித்தார், 1960ல் இங்கேயே இறந்தார். அவரும் பேக்கஸின் நண்பர்.

லிங்கன் பார்க் அகாடமி என்கிற கறுப்பினப் பள்ளியில் ஜனோபியா ஜெஃபர்சன் ஓவிய ஆசிரியை. தன் மாணவன் ஆல்ஃபிரட் ஹேரிடம் ஏதோ இருக்கிறது என்று பார்த்து, அவனை பேக்கஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். (ஒரு டீச்சர் சரியான நேரத்தில் சரியான கதவைத் தட்டினால் என்னவெல்லாம் நடக்கும் பாருங்க.) அதே சமயம் ஹெரால்ட் நியூட்டன் என்ற இளைஞரும் பேக்கஸைத் தேடி வந்தார். அதுவரை வெல்வெட் துணியில் கிறிஸ்தவ மதக் காட்சிகள் வரைந்துகொண்டிருந்தவர். நிலக்காட்சி வரை என்று அவரைத் திருப்பிவிட்டவர் பேக்கஸ்.

பேக்கஸ் மெதுவாக, யோசித்து வரைகிறவர். ஆனால் மாணவர்களுக்கு அந்த வசதி இல்லை. கறுப்பின இளைஞரின் படத்தை எந்த கேலரியும் சுவரில் மாட்டாது. மாட்டாத படத்துக்கு பேக்கஸ் மாதிரி விலை சொல்ல முடியாது. அதனால் ஹேர் கணக்கை மாற்றிப் போட்டார். பேக்கஸ் ஒரு படம் முடிக்கும் நேரத்தில் நாம் பத்து முடிப்போம், விலையைக் கீழே வைப்போம், எண்ணிக்கையில் பிடிப்போம்!

வீட்டுக் கொல்லைப்புறத்தில் வரிசையாக அட்டைகளை ஆணியடித்து நிறுத்துவார். முதலில் எல்லா அட்டைக்கும் வானம். அது முடிந்ததும் எல்லாவற்றுக்கும் தண்ணீர். அப்புறம் கரை, மரம், கடைசியாக ஒளி. கூட இருக்கிற நண்பர்கள் சட்டம் அடிப்பார்கள், சிலர் வெறும் இடங்களை நிரப்புவார்கள். வெயில், கொசு, பியர், சிரிப்பு. ஒரு பக்கம் பட்டறை, ஒரு பக்கம் திருவிழா.

துணிக்குப் பதிலாக அப்சன் போர்டு. காகிதக் கூழை அழுத்திச் செய்த கட்டட அட்டை இது. வீட்டு உட்சுவருக்கும் கூரைக்கும் அடிப்பது, பெரிய பெரிய தாளாக மலிவாகக் கிடைக்கும். சட்டத்துக்கு, சுவரும் கூரையும் சேரும் மூலையில் அடிக்கிற அலங்கார மரப்பட்டி. அதை வெட்டி, வெள்ளையோ தங்க நிறமோ பூசிவிட்டால் சட்டம் தயார். மொத்தத்தில் வீடு கட்டுகிற கடைச் சாமானை வைத்தே ஓவியத்தை முடித்துவிட்டார்கள்.

விற்பனை? கார் டிக்கியில்தான். சாயம் காயும் முன்னாடியே படங்களை அடுக்கிக்கொண்டு யு.எஸ். 1 நெடுஞ்சாலையில் கிளம்பிவிடுவார்கள். நம்மூரில் சைக்கிளில் புடவை மூட்டையோடு வீடு வீடாக வருவாரே ஒரு அண்ணாச்சி, அதே முறை. டாக்டர் கிளினிக், வக்கீல் ஆபீஸ், வங்கி, மோட்டல், முடிதிருத்தும் கடை. கதவைத் தட்டு, படத்தைக் காட்டு, 25 டாலர். பேரம் பேசினால் இன்னும் குறையும். போகிற வழியில் ஈரம் கலைந்த படங்களைச் சரிசெய்தே ஓவியராகிவிட்டவர் அல் பிளாக். முதலில் அவர் வெறும் விற்பனைக்காரர்!

எதை வரைந்தார்கள்? காற்றில் வளைந்த பனைகள், இந்தியன் ரிவர் காயல், சதுப்பு நிலம், அலை, ஆரஞ்சும் கத்தரிப்பூ நிறமுமாக எரிகிற வானம். அப்புறம் ஒரு மரம், அதைப் பார்த்தால் நம்ம ஆட்களுக்கு ஒரு நிமிஷம் மனசு நிற்கும். அதுதான் நம்ம குல்மொஹர்! நம்மூரில் மே மாசம் பள்ளிக்கூட மைதானத்திலும் ரயில்வே ஸ்டேஷனிலும் சிவப்பாகக் கொட்டிக் கிடக்குமே, அதே மரம். மடகாஸ்கரில் பிறந்து, இந்தியாவுக்கும் வந்து, ஃப்ளோரிடாவுக்கும் போனது.

இந்தப் படங்களில் பெரும்பாலும் மனுஷங்களே இல்லை. இதை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். இனப் பிரிவினை தாண்டவமாடிய காலம், சிவில் உரிமைச் சட்டம் வந்ததே 1964ல்தான். அந்தக் கோபத்தின் சுவடு படத்தில் எங்கேயும் கிடையாது. வாங்குகிற வெள்ளைக்காரருக்குப் பிடிக்க வேண்டுமே என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்குத் தோன்றுகிற இன்னொரு காரணம், ஆள் இல்லாத கரையில் "இங்கே நீ நிற்கக்கூடாது" என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. இது என் ஊகம்தான், நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண், மேரி ஆன் கேரல் (1940-2019). சாலையோரம் நியூட்டன் வரைவதைப் பார்த்து நின்றதில் ஆரம்பித்தது அவர் கதை. ஏழு பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்த்தார், படம் விற்ற காசு அந்தக் குடும்பத்தில் சோறாக மாறியது. ஒரு கறுப்பினப் பெண் 1960களில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு, தெரியாத ஊர்களில் தெரியாத கதவுகளைத் தட்டியதை நினைத்துப் பாருங்கள்.

35 வயதுக்குள் கோடீஸ்வரன் ஆகிவிடுவேன் என்று ஆல்ஃபிரட் ஹேர் சொல்லிக்கொண்டிருந்தாராம். 1970 ஆகஸ்ட் மாதம் ஒரு மதுக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 29. இயந்திரத்தின் அச்சாணி கழன்ற மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்கள் வரைந்தார்கள், ஆனால் வேகம் போய்விட்டது. காலமும் மாறியது. 1971ல் டிஸ்னி வேர்ல்ட் திறந்தது, ஃப்ளோரிடா என்றால் மக்கள் மனசில் வேறு படம் வந்தது. ஆபீஸ்களைப் புதுப்பித்தவர்கள் பழைய அஸ்தமனங்களைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் படங்கள் வரை வரைந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவும் வீட்டு வாசல் விற்பனைக்கும் பழைய சாமான் சந்தைக்கும் வந்து சேர்ந்தன. என்னைப் போன்ற ஆட்களுக்குப் பொற்காலம்.

1990களின் நடுவில் ஜிம் ஃபிட்ச் என்ற ஃப்ளோரிடாக்காரர் இந்தப் படங்களைக் கவனித்து எழுதினார். நெடுஞ்சாலையில் விற்றதால் அவர்களுக்கு 'ஹைவேமென்' என்று பெயரும் வைத்தார். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வழிப்பறிக் கொள்ளையன் என்று அர்த்தம்! 2001ல் கேரி மன்றோ ஒரு புத்தகம் எழுதினார். 2004ல் 26 பேரை ஃப்ளோரிடா மாநிலத்தின் கலைஞர்கள் கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள். ஹெரால்ட் நியூட்டன் 1994லேயே போய்விட்டார். பேரும் விலையும் ஏறியதை அவர் பார்க்கவே இல்லை.

பேர் வந்ததும் விலை வந்தது. 25 டாலர் படம் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. கூடவே போலிகளும் வந்தன. அந்த ஏற்றத்தில் வரைந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? விற்ற படத்திலிருந்து ஒரு காசும் இல்லை. பரணில் வைத்திருந்தவருக்கும் சந்தையில் பொறுக்கியவருக்கும்தான் லாபம். உயிரோடு இருந்தவர்கள் திரும்ப வரைய ஆரம்பித்து, இந்த முறை நல்ல விலைக்கு விற்றார்கள் என்பது ஒரு ஆறுதல். மேரி ஆன் கேரல் 2011ல் ஒரு குல்மொஹர் ஓவியத்தை மிஷெல் ஒபாமாவுக்குக் கொடுத்தார்.

இது விதி என்று விட்டுவிடத் தேவையில்லை. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு என்பதை பிரான்ஸ் 1920லேயே சட்டமாக்கியது. கலிஃபோர்னியா 1976ல் 5 சதவீதம் என்று ஒரு சட்டம் போட்டது, ஆனால் 2018ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது 1977ல் நடந்த விற்பனைகளுக்கு மட்டுமே செல்லும் என்று சொல்லி அநேகமாக முடித்தேவிட்டது. நம்ம நாட்டில்? 1994ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், வரைந்தவருக்கோ வாரிசுக்கோ 10 சதவீதத்துக்கு மிகாமல் பங்கு உண்டு. ஓவியர் நண்பர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்க.

ஹேர் கூட்டத்தை வெறும் ஏமாந்தவர்கள் என்று பார்க்க எனக்கு மனசு வரவில்லை. 25 டாலர் என்பது அவர்களே வைத்த விலை. யாருடைய தோட்டத்திலும் ஏணி ஏறாமல், தன் காரில், தன் நேரத்தில் சம்பாதித்த காசு. அன்றைக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்த விலை அவ்வளவு கீழே இருந்ததற்குக் காரணம் சுவரில் இடம் தராத ஊர்தான், படத்தின் குறை இல்லை. மலிவாக ஒரு நல்ல ஓவியம் கிடைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடுகிறது, இது ஏன் இவ்வளவு மலிவு?

அதற்காக வாங்காமல் இருக்கச் சொல்லவில்லை. நானும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உங்க ஊர் லாட்ஜ் வரவேற்பறையிலோ, டாக்டர் கிளினிக்கிலோ, தாத்தா வீட்டுப் பரணிலோ கையால் வரைந்த நிலக்காட்சி ஒன்று இருந்தால், விவரம் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே வரைந்தவர் பேரைக் கேட்டுப் பின்னால் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்க. ஊர், வருஷம் தெரிந்தால் அதையும்.