புங்க டீசலைக் கழுவிய கதை

நம்ம திருத்தணிப் பக்கம் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் புங்க மரங்களைப் பார்க்கிறோம். அதன் கொட்டை எண்ணெயில் நம் பெரியவர்கள் விளக்கெரித்தார்கள். அதை டீசலாக்கி ஆயில் இன்ஜினில் ஊற்றலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். ஊற்றலாம். ஆனால் கழுவாமல் ஊற்றினால் இன்ஜின் போச்சு! இதற்கு ஒரு சரித்திரமே உண்டு, கேளுங்கள்.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் பச்சை எண்ணெய் கெட்டியானது. நாளாவட்டத்தில் நாசிலில் கரி கட்டும், ரிங் ஒட்டிக்கொள்ளும். 1937-ல் பெல்ஜியம் நாட்டு ஷாவான் என்பவர், எண்ணெயோடு ஆல்கஹாலைச் சேர்த்து கிளிசரினைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு வருஷமே அங்கே அந்த எரிபொருளில் பஸ் ஓடியது.

நம் நாட்டில் 2002 டிசம்பர் 31-ந் தேதி டில்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 சதம் பயோடீசல் கலந்து ஓடியது. 2003-ல் திட்டக்குழுவின் கமிட்டி காட்டாமணக்கைச் சிபாரிசு செய்தது. தமிழ்நாட்டிலும் பலர் நட்டார்கள்; சொன்ன மகசூல் வராமல் பிடுங்கிப் போட்டவர்கள் அநேகம். ஒடிசாவில் கிராம் விகாஸ் அமைப்பினர் 2004 முதல், சைக்கிள் போல மிதித்து ஓட்டும் கருவியில் புங்கம், இலுப்பை எண்ணெயை டீசலாக்கி, குடிதண்ணீர் பம்பை ஓட்டினார்கள்.

எண்ணெயோடு மெத்தனாலும் காரமும் சேர்ந்து வேலை செய்த பிறகு, கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்கும் டீசலில் சோப்பு, காரம், மெத்தனால், கொஞ்சம் கிளிசரின் ஒட்டிக்கொண்டிருக்கும். 2005-ல் வந்த இந்தியத் தர நிர்ணயப்படி, 1,000 கிலோவில் தனி கிளிசரின் 200 கிராமையும், தண்ணீர் அரை கிலோவையும் தாண்டக் கூடாது. இதற்குத்தான் கழுவுவது.

முதல் வழி, தண்ணீர்க் கழுவல். வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து பூவாளியில் தெளிப்பது போல மெல்ல விட்டு, தங்கவிட்டு, அடித்தண்ணீரை வடிக்க வேண்டும். அரிசி களைவது போல, தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு தடவை. அவசரப்பட்டுக் கலக்கினால் மோர் மாதிரி திரண்டுவிடும். பழைய கொட்டையில் ஆட்டிய, அமிலம் மிகுந்த எண்ணெயானால் இன்னும் மோசம். கடைசியில் ஈரம் போகச் சூடாக்க வேண்டும். சோப்புத் தண்ணீரைக் கிணற்றோரம் கொட்டாதீர்கள்.

இரண்டாவது, உலர் கழுவல். மெக்னீசியம் சிலிகேட் தூளிலோ பிசின் மணிகளிலோ டீசலைச் செலுத்தி அழுக்கைப் பிடிப்பது. தண்ணீர் மிச்சம், ஆனால் தூளுக்குக் காசு, சக்கையை அகற்றும் வேலை. மூன்றாவது, காய்ச்சி வடிப்பது. சுத்தம் அதிகம், செலவும் அதிகம், ஆலைக்குத்தான் கட்டுப்படியாகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? சிறு அளவுக்கு, நல்ல எண்ணெயும் பொறுமையும் இருந்தால் தண்ணீரே போதும். தண்ணீர்த் தட்டுப்பாடான ஊரில் உலர் முறை. ஆனால் எந்தக் கழுவலும், அரைகுறையாக மாறிய எண்ணெயை டீசலாக்காது. ஒரு பாட்டிலில் பாதி டீசல், பாதி தண்ணீர் விட்டுக் குலுக்கி அரைமணி வையுங்கள். இரண்டும் தெளிவாகப் பிரிந்தால் சரி. நடுவே பால் போல நின்றால் இன்ஜினில் ஊற்றாதீர்கள்.

முக்கியமான சங்கதி ஒன்று. மெத்தனால் கொடிய விஷம்; பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை அறிவீர்கள். தமிழ்நாட்டில் 1959-ம் வருஷ விதிப்படி அதை வைத்திருக்க உரிமம் வேண்டும். ஆகவே வீட்டில் காய்ச்சும் ஆசை வேண்டாம். கொட்டையைப் பொறுக்கி, காயவைத்து, உரிமம் உள்ள இடத்தில் கொடுங்கள்; "எப்படிக் கழுவினீர்கள்?" என்று மறக்காமல் கேளுங்கள்.