புக் கிரிக்கெட் முதல் போன் கிரிக்கெட் வரை: ஒரு பழைய டீச்சரின் குறிப்பு



பொங்கல் விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர், எங்கள் பக்கத்துத் தெருக்காரர், இப்போது சென்னையில் வேலை. காபி குடித்துக்கொண்டே, என் பேத்தி போனில் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்தார். பிறகு சிரித்தபடி, “டீச்சர், என்னோட டீமையே ஒரு நாள் அழிக்கச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?” என்றார்.

ஞாபகம் இருந்தது. ஆனால் அன்று நான் எதை அழிக்கச் சொன்னேன் என்பது அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதிலிருந்து ஒரு மாதமாகப் பேத்தியிடமும் மற்ற மாணவர்களிடமும் கேட்டுக் கேட்டு, இந்தக் கிரிக்கெட் விளையாட்டுகளின் வரலாற்றைத் தெரிந்துகொண்டேன். ஆடுகிறவர்களுக்கு இதில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்பதையும் குறித்து வைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வயல் கிரிக்கெட். நம் ஊரில் சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காய்ந்ததும் பையன்கள் இறங்கிவிடுவார்கள். எல்லா வயலிலும் ஆட முடியாது. அறுவடைக்கு முன்பே உளுந்து, பயறு தெளித்த வயலில் கால் வைத்தால் அடி விழும். தெளிக்காத வயலைத் தேடிப்பிடித்து, தென்னை மட்டையைப் பேட்டாகச் செதுக்கி, வரப்புதான் பவுண்டரி என்று வைத்துக்கொள்வார்கள். நான் சிறுமியாக இருந்தபோது என் அண்ணன் ஆடுவான். நானும் தோழியும் வரப்பில் உட்கார்ந்து ரன் எண்ணுவோம். எங்களை ஆடக் கூப்பிட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

வகுப்புக்குள் ஆடியது புக் கிரிக்கெட். உங்களில் பாதிப் பேர் இதற்காக என்னிடம் குட்டு வாங்கியவர்கள்தான். புத்தகத்தைக் கண்ணை மூடித் திறப்பது, பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். இடது பக்கத்தில் எப்போதும் இரட்டைப்படை எண் வரும் என்பதால் 0, 2, 4, 6, 8 மட்டும்தான் கிடைக்கும். பூஜ்யம் என்றால் அவுட். எட்டுக்கு ஒரு ரன் என்பது ஒரு வகுப்பின் சட்டம், ரன்னே கிடையாது என்பது அடுத்த வகுப்பின் சட்டம். இதிலும் சண்டை வரும். புத்தகத்தை ஒரே பக்கத்தில் அழுத்தி அழுத்தி மடித்து வைத்து, திறக்கும்போதெல்லாம் ஆறு வரும்படி செய்கிற கில்லாடிகள் இருந்தார்கள். அவனோடு மறுநாள் யாரும் ஆட மாட்டார்கள். ஸ்கோர் எழுதிய நோட்டுகளை நான் பிடுங்கியிருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு நோட்டிலும் கவாஸ்கர், கபில்தேவ், ஸ்ரீகாந்த் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். வெறும் எண்ணை வைத்து ஆடுகிற ஆட்டத்துக்குக்கூடப் பெயர் தேவைப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வெளிநாட்டில் கம்ப்யூட்டர் கிரிக்கெட் 1980களிலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1985இல் கிரஹாம் கூச் பெயரில் ஒரு விளையாட்டு வந்தது. 1993இல் அவர் பெயரில் இன்னொன்று வந்தபோது, அதே ஆட்டத்தை ஆஸ்திரேலியாவில் ஆலன் பார்டர் பெயரைப் போட்டு விற்றார்கள். பிரையன் லாரா 1994 ஏப்ரலில் டெஸ்டில் 375, ஜூனில் கவுண்டி ஆட்டத்தில் 501 என்று அடித்ததும், மறு வருடமே அவர் பெயரில் ஒரு விளையாட்டு கடைக்கு வந்தது. பெயர்தான் விற்கிறது என்பதை அந்தக் கம்பெனிகள் அப்போதே கண்டுகொண்டன.

நம் ஊர்ப் பையன்களுக்குக் கிடைத்தது 2006 நவம்பரில் வெளிவந்த ‘கிரிக்கெட் 07’. ஈஏ ஸ்போர்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வெளியிட்டது. பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து, ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடுவார்களாம். ரிச்சி பெனோவும் மார்க் நிக்கோலஸும் வர்ணனை. அதில் என்ன பிடித்தது என்று கேட்டேன். பழைய கம்ப்யூட்டரிலும் திணறாமல் ஓடியது என்பதுதான் எல்லோரும் சொன்ன முதல் பதில். படத்தின் அழகை யாரும் முதலில் சொல்லவில்லை. பந்தை நேரம் பார்த்துத் தட்டினால் இடைவெளியில் ஓடுவது, ஓர் ஆட்டத்தை அரை மணியில் முடிக்க முடிவது, நண்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தோற்கடிப்பது, இவையெல்லாம் அடுத்து வந்தன.

பிடிக்காதது? அதற்கும் பட்டியல் தயாராக இருந்தது. குறிப்பிட்ட ஒரு ஷாட்டைக் கண்டுபிடித்துவிட்டால் எந்தப் பந்தையும் அதே ஷாட்டில் எல்லைக்கு அனுப்பலாம். அப்புறம் சுவாரஸ்யம் போய்விடும். கடினமான நிலைக்கு மாற்றினாலோ, தூக்கி அடித்தாலே கேட்ச். “நாம தப்பு பண்ணி அவுட்டானா பரவால்ல டீச்சர். அது முடிவு பண்ணி நம்மள அவுட்டாக்குனாத்தான் கோவம் வரும்” என்றார் ஒருவர். வர்ணனையாளர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்வது இன்னொரு குறை.

ஆனால் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன குறை, பெயர். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து வீரர்களுக்கு உண்மையான பெயர் இருந்தது. நம் வீரர்களின் பெயரைப் போட உரிமம் வாங்காததால், எழுத்தை மாற்றிக் கோணலாகப் போட்டிருந்தார்கள். சச்சினைப் பார்த்தால் சச்சின் மாதிரி, பெயரைப் படித்தால் வேறு யாரோ. அதனால் பையன்கள் முதலில் செய்த காரியம் அணிப் பட்டியலைத் திறந்து பெயர்களைத் திருத்தியதுதான். 2008இல் ஐபிஎல் தொடங்கியதும் ரசிகர்களே புதிய சட்டை, புதிய அணிகளைச் செய்து இந்த விளையாட்டில் சேர்த்தார்கள். ‘பேட்ச்’ என்று சொல்வார்களாம். அந்த வரிசையில் ஈஏ அடுத்த விளையாட்டை வெளியிடவே இல்லை. கம்பெனி கைவிட்ட பிறகும் ஆடுகிறவர்கள் வருடக்கணக்கில் அதை உயிரோடு வைத்திருந்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தது. அப்பா விவசாயக் கூலி, அம்மா நூறு நாள் வேலை, அந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்! 2012இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் பிரவுசிங் சென்டர் இருட்டு. மடிக்கணினியில் பேட்டரி இருந்தது. இருட்டில் திண்ணையில் நாலு பையன்களின் முகம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். உள்ளே ‘கிரிக்கெட் 07’ ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த மாணவரின் அம்மா ஒரு நாள் என்னிடம் வந்தார். “டீச்சர், பரிச்சை வருது. ராத்திரி பூரா அதையே நோண்டிக்கிட்டிருக்கான். நீங்க சொன்னாத்தான் கேப்பான்.” நான் போனேன். “கவர்மெண்டு படிக்கக் குடுத்ததை இப்படியா பாழாக்குறது? என் கண் முன்னாடியே அழி” என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அழித்தார். நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பினேன்.

அவர் பொங்கலன்று சொன்னது இது. அந்த விளையாட்டில் இந்திய அணியின் பெயர்களை எடுத்துவிட்டு, எங்கள் தெரு அணியின் பதினோரு பேரையும் ஏற்றியிருந்தார். யார் இடது கை, யார் வேகப்பந்து, யார் ஆறாவதாக இறங்குவார் என்று ஒவ்வொருவருக்கும் சரியாகப் போட இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் அப்போதே ஊரில் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மூன்று பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், ஒருவர் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். தை மாதம் வயல் காய்ந்தாலும் ஆட ஆள் சேரவில்லை. “அதுல மட்டுந்தான் டீச்சர் எல்லாரும் சேர்ந்து ஆடுனோம்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பரீட்சையில் நன்றாகத்தான் எழுதினேன், நீங்கள் செய்தது தப்பில்லை என்றும் சொன்னார். ஆனாலும் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. படிப்பைக் கவனி என்று சொன்னது சரிதான். அதில் என்ன வைத்திருக்கிறாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

மேலே சொல்கிறேன். 2013 நவம்பரில் ஆஷஸ் தொடரின் பெயரில் ஒரு விளையாட்டு கம்ப்யூட்டருக்கு வந்தது. அத்தனை குறைகள். பந்து ஓரிடம், பீல்டர் வேறிடம். ஆடியவர்கள் கொதித்துப்போக, சில நாட்களிலேயே விற்பனையை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2014இல் ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் ‘டான் பிராட்மேன் கிரிக்கெட் 14’ கொண்டுவந்தது. பந்து எங்கே விழும் என்று முன்கூட்டிக் காட்டும் வட்டம் அதில் இல்லை. பந்துவீச்சாளரின் கையைப் பார்த்து ஆட வேண்டும். கஷ்டம் என்று சிலர் திட்டினார்கள், அதற்காகவே சிலர் கொண்டாடினார்கள். வீரர்களையும் அணிகளையும் ஆடுகிறவர்களே உருவாக்கி மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளவும் அதில் வழி வைத்தார்கள். பையன்கள் திருட்டுத்தனமாகச் செய்த வேலையைக் கம்பெனியே விளையாட்டின் பகுதியாக்கியது. அதே கம்பெனி 2017இல் வெளியிட்ட விளையாட்டில் பெண்கள் அணிகளும் இடம்பெற்றன. வரப்பில் உட்கார்ந்து ரன் எண்ணிய எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

நமக்குப் பெருமையான செய்தி அடுத்தது. என் பேத்தி போனில் ஆடும் ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’, சென்னையிலுள்ள நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா தயாரித்தது. இரண்டாம் பாகம் 2015, மூன்றாம் பாகம் 2020. இரண்டாம் பாகத்தில் 150க்கும் மேற்பட்ட பேட்டிங் அசைவுகள், 28 விதமான பந்துவீச்சு. ஹெலிகாப்டர் ஷாட்டும் உண்டு. மூன்றாம் பாகத்தில் உண்மையான ஆட்களை ஆடவைத்து, அவர்களின் உடலசைவைப் பதிவு செய்து சேர்த்தார்கள். அபினவ் முகுந்தின் தமிழ் வர்ணனையும் உண்டு. உள்ளூர் ஆட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக நாட்டு அணிக்கு உயர்கிற முறையும் இருக்கிறது.

பேத்தியிடம் கேட்டேன், என்ன பிடிக்கும்? “நெட் இல்லாமலும் ஆடலாம் பாட்டி. பழைய போன்லயும் ஓடுது.” என்ன பிடிக்காது? “நடுவுல விளம்பரம். அப்புறம் காசு கட்டுனா நல்ல பேட் தர்றாங்க. அது சீட்டிங்தானே?” போன வருடம் வேறொரு விளையாட்டில் அவள் தெரியாமல் அழுத்தி அவள் அப்பா கணக்கிலிருந்து பணம் போனது. அதனால் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தைகள் ஆடும் போனில் பணம் செலுத்தக் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

யோசித்துப் பார்த்தால், புக் கிரிக்கெட்டில் பக்கத்தை மடித்து வைத்தவன்மேல் வந்த கோபமும் காசுக்கு பேட் விற்பவர்மேல் பேத்திக்கு வரும் கோபமும் ஒன்றுதான். நோட்டில் கபில்தேவ் என்று எழுதியதும் மடிக்கணினியில் சிநேகிதன் பெயரைப் போட்டதும் ஒரே ஆசைதான். படம் நாற்பது வருடத்தில் எவ்வளவோ மாறிவிட்டது. ஆட்டம் நியாயமாக இருக்க வேண்டும், கையில் இருக்கிற கருவியில் ஓட வேண்டும், அதில் நம்மவர்கள் இருக்க வேண்டும். ஆடுகிறவர்கள் கேட்பது இன்றும் இதைத்தான்.

கிளம்பும்போது அவரிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, அந்தப் பதினோரு பெயரையும் வரிசையாக எழுதச் சொன்னேன். ஒன்றுகூட மறக்கவில்லை. பேத்தி ஆடும் இரண்டாம் பாகத்தில் நம் அணியின் பெயர்களை மாற்றிக்கொள்ளலாமாம். அன்று மாலையே உட்கார்ந்து எல்லாப் பெயரையும் ஏற்றினாள். முதல் ஓவரை ஆட இறங்கியவர் சிங்கப்பூரில் இருக்கும் அந்த மாணவர். திரையைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதிலுக்கு அவர் அனுப்பியது ஒரே கேள்வி: “நான் எத்தனை ரன் அடிச்சேன்?”

நாலு ரன்னில் அவுட், தம்பி. பேத்தி இன்னும் பழகவேண்டும்.

என்னிடம் நோட்டைப் பறிகொடுத்தவர்கள் கீழே உங்கள் தெரு அணியின் பெயர்களை எழுதுங்கள். இந்த முறை நான் பிடுங்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மன்னார்குடி.