‘ஏலாது’ என்ற சொல்லும் இரத்தத்தில் தேடப்படும் சாட்சியும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வருடக்கணக்கில் தீராத களைப்போடு கிடக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்காகவும் வாசியுங்கள்.

நம் பக்கத்தில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் “அவருக்கு ஏலாது” என்றுதான் சொல்வோம். காய்ச்சலுக்கும் அதுதான், மூட்டு வலிக்கும் அதுதான். முடியாமை வேறு, நோய் வேறு என்று நம் பேச்சு பிரித்துப் பார்ப்பதில்லை. சிங்களத்திலும் இதற்கு நெருங்கிய சொல் உண்டு. ‘மட்ட பே’ என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ‘பே’, ‘பேரி’ என்றால் முடியாது, ஏலாது. அந்தச் சிறிய சொல்தான் இரட்டித்து உலக வைத்திய நூல்களுக்குள் ‘பெரிபெரி’ என்று போனதாக ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. வேறு விளக்கமும் உண்டு. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வேலை செய்த பொன்டியஸ் என்ற ஒல்லாந்த வைத்தியரின் நூல் 1642இல் வெளியானது. அவர் இதை ஆட்டைக் குறிக்கும் சொல்லோடு இணைத்தார். நோயாளியின் தள்ளாடும் நடை ஆட்டின் நடைபோல இருந்ததாம். எப்படியோ, ‘ஏலாது’ என்று கிடந்தவர்களின் நோய் அது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்த பிரித்தானியப் படை வைத்தியர்கள் இதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1818இல் டப்ளினில் வெளியான வைத்தியத் தொகுப்பொன்றில், இதை இலங்கையின் நோய் என்று தலைப்பிலேயே குறித்த கட்டுரை வந்தது. 1835இல் மல்கம்சன் என்பவர் சென்னையில் இந்நோய் பற்றித் தனி நூலே எழுதினார். கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், மூச்சு வாங்கும், எழுந்து நிற்கக்கூட ஏலாது. காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஈரக்காற்று என்றார்கள், சதுப்பு நிலத்தின் நச்சாவி என்றார்கள், கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு கிருமி என்றார்கள். நோயாளியின் உடலில் எதைத் தேடுவது என்று தெரியாத காலம் அது.

திருப்பம் ஜாவாவிலிருந்து வந்தது. பத்தாவியாவின் இராணுவ வைத்தியசாலையில் ஐக்மன் என்ற ஒல்லாந்தர் ஆராய்ச்சிக்காகக் கோழிகள் வளர்த்தார். அவற்றுக்குப் பெரிபெரி போன்ற வாதம் வந்தது, பிறகு தானாகவே மாறியது. விசாரித்தால், அந்த நாட்களில் கோழிகளுக்கு வைத்தியசாலைக் குசினியின் வெள்ளைச் சோறு போடப்பட்டிருக்கிறது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் தேறின. அடுத்து வோடர்மன் என்ற அதிகாரி ஜாவாவின் ஏறக்குறைய 100 சிறைச்சாலைகளைப் பரிசோதித்து 1897இல் கணக்குச் சொன்னார். தீட்டிய வெள்ளை அரிசி கொடுத்த சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் என்ற அளவில் நோய் இருந்தது. தவிடு போகாத அரிசி கொடுத்த சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர்தான்.

மலாயாவில் நடந்தது நமக்கு இன்னும் கிட்டியது. அங்கே ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். அதே நாட்டில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு நோய் அண்டவில்லை. பிரட்டன் என்ற பிரித்தானிய வைத்தியர் 1907இல் இதைத் தன் நூலில் எழுதினார். வேறுபாடு அரிசியில் இருந்தது. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நெல் அவித்துக் குத்திய நம் பெண்களுக்கு ‘தயமின்’ என்ற பெயர் தெரியாது. ஆனால் அவர்களின் அடுப்பும் உலக்கையும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன.

அந்தச் சத்தை 1926இல் ஜாவாவிலேயே பிரித்தெடுத்தார்கள். அதுதான் விற்றமின் பி1, தயமின். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

கதை இங்கே முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நம் தலைப்புக்கு வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. சத்துக் குறைந்தால் மனிதன் ஏன் சரிந்துபோகிறான்? ஒக்ஸ்போர்டில் ருடொல்ப் பீற்றர்ஸ் பி1 குறைந்த புறாக்களை ஆராய்ந்தார். புறாவின் மூளை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போயிருந்தது அதன் அனுசேபம். அதாவது, உணவைச் சக்தியாக்கும் இரசாயன வேலை பாதியில் நின்றுபோயிருந்தது.

பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொன்னால் இப்படி: நாம் உண்ணும் சோறு குளுக்கோசாகிறது. குளுக்கோசு உடைந்து பைருவிக் அமிலமாகிறது. அது கலத்துக்குள் இருக்கும் இழைமணிக்குள் போனால்தான் முழுச் சக்தியும் கிடைக்கும். உள்ளே போகும் வாசலில் ஒரு நொதியம் நிற்கிறது. அந்த வாசலின் திறப்புகளில் ஒன்று தயமின். மழைக்காலத்தில் முகத்துவாரம் மண்ணடைத்துக் கிடந்தால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. கடலுக்குப் போகவேண்டிய வாவித் தண்ணீர் ஏறி வயலுக்குள்ளும் வளவுக்குள்ளும் நிற்கும். பெரிபெரியில் நடப்பதும் அதுதான். வாசல் திறக்காததால் பைருவிக் அமிலம் வெளியே தேங்குகிறது. 1936இல் ஷாங்காயில் பிளாற், லூ என்ற இருவர் பெரிபெரி நோயாளிகளின் இரத்தத்திலேயே அதை அளந்து காட்டினார்கள்.

‘ஏலாது’ என்ற சொல்லுக்கு அன்று இரத்தத்தில் ஒரு சாட்சி கிடைத்தது. ஆனால் சாட்சி கிடைப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளிலும் அந்த நோயாளிகள் உண்மையைத்தான் சொன்னார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய விடயத்துக்கு வருவோம்.

1955இல் லண்டன் றோயல் பிரீ வைத்தியசாலையில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் அங்கு வேலை செய்தவர்களே, மர்மமான நோயில் விழுந்தார்கள். வைத்தியசாலையையே சில மாதங்கள் மூடவேண்டி வந்தது. பலருக்கு நீண்டகாலம் களைப்பும் வலியும் மாறவில்லை. 15 வருடம் கழித்து, 1970இல், இரண்டு மனநல வைத்தியர்கள் பழைய குறிப்பேடுகளை மட்டும் வாசித்துவிட்டு, நோயாளிகளை நேரில் பார்க்காமலே, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. 1988இல் அமெரிக்காவில் இத்தகைய நோய்க்கு ‘நாட்பட்ட களைப்பு நோய்க்கூட்டு’ என்ற பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே பாதிக் கெடுதல் செய்தது. “களைப்பா? எங்களுக்கும்தான் களைப்பு” என்று எவரும் சொல்லிவிடலாம் அல்லவா?

இது வேலை செய்து வரும் களைப்பு அல்ல. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும். படுத்து எழுந்தாலும் தீராது. தலை மந்தமாகி, வாசித்தது மனதில் நிற்காது. எழுந்து நின்றால் தலை சுற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு வேலை செய்தாலும் சில மணி நேரம் கழித்தோ அடுத்த நாளோ உடல் சரிந்து விழும். இந்தச் சரிவுதான் நோயின் தனி முத்திரை. 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கையும் இதைத்தான் முன்னுக்கு வைத்தது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2006இன் கடைசியில் சிக்குன்குனியா நம் கிழக்குக் கரையோரத்தில் வீடு வீடாகப் புகுந்தது வயது வந்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். அதே வருடம் அவுஸ்திரேலியாவின் டப்போ ஊரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்று வகைத் தொற்றுக்களில் ஒன்று வந்த 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவற்றுள் ஒன்றான றொஸ் ரிவர் வைரஸ், நுளம்பால் பரவும் சிக்குன்குனியாவின் இனம். தொற்று எதுவானாலும், ஏறக்குறைய 10இல் ஒருவர் ஆறு மாதத்துக்குப் பிறகும் இந்நோயின் வரையறைக்குள் இருந்தார். தொற்றின் ஆரம்பக் கடுமைதான் இதை முன்கூட்டிச் சொன்னது. அவர்களின் முந்திய மனநிலையோ குணமோ அல்ல. கொவிட்டுக்குப் பிறகும் இதே காட்சியை உலகம் கண்டது.

எல்லாக் களைப்பும் இந்நோய் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 2005இல் வெளியான கோவா ஆய்வில் பெண்களில் 12 வீதத்தினர் நாட்பட்ட களைப்பைச் சொன்னார்கள். வறுமையும் கணவனின் வன்முறையும் மனத்துயரும் அதோடு சேர்ந்து நின்றன. ஹீமோகுளோபின் அளவு அதை விளக்கவில்லை. கொழும்பு மாவட்டத்து இரட்டையர்களை வைத்து 2010இல் வெளியான ஆய்வு, களைப்பும் மனச்சோர்வும் ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்தாலும் இரண்டும் ஒன்றே அல்ல என்று காட்டியது.

இனி அந்தச் சாட்சியைத் தேடும் கதை. 2016இல் கலிபோர்னியாவின் நவியோ குழுவினர் 45 நோயாளிகளையும் 39 சுகதேகிகளையும் எடுத்து, இரத்தத்தில் 612 இரசாயனங்களை அளந்தார்கள். நோயாளிகளில் மாறியிருந்தவற்றில் பெரும்பாலானவை குறைந்தே இருந்தன. பஞ்ச காலத்தில் உடலை ஒடுக்கி உயிரை மட்டும் காத்துக்கொள்ளும் சிறு புழுக்களின் நிலையோடு அதை ஒப்பிட்டார்கள். அதே வருடம் நோர்வேயில் புளூகே, மெல்லா குழுவினர் 200 நோயாளிகளை ஆராய்ந்து, பைருவிக் அமிலம் உள்ளே போகும் அந்த வாசலிலேயே தடை இருக்கலாம் என்றார்கள். ஆம், பீற்றர்ஸின் புறாவுக்கு அடைபட்ட அதே வாசல்! இங்கே திறப்பு தொலையவில்லை, வாசலை மூடும் சைகைதான் கூடிவிட்டது என்பது அவர்களின் ஊகம். குறிப்பாகப் பெண் நோயாளிகளில் சில அமினோ அமிலங்கள் குறைந்திருந்தன. விறகு கிடைக்காத வீடு வேலிக்கம்பைப் பிடுங்கி அடுப்பெரிப்பதுபோல, உடல் அவற்றை எரித்திருக்கலாம்.

2019இல் ஸ்டான்போர்டில் 20 நோயாளிகளின் இரத்தக் கலங்களை உப்புக் கரைசலால் நெருக்கடிக்குள்ளாக்கிப் பார்த்தார்கள். சுகதேகிகளின் கலங்கள் தாக்குப்பிடித்த விதத்தில் அவை தாக்குப்பிடிக்கவில்லை.

அப்படியென்றால் பரிசோதனை வந்துவிட்டதா? இல்லை. ஆய்வுக் குழுக்கள் சிறியவை. ஓர் ஆய்வுகூடத்தின் முடிவு மற்றதில் அப்படியே வருவதில்லை. நீண்டகாலம் படுக்கையில் கிடந்தாலே இரத்தம் மாறும். நோய் செய்த மாற்றம் எது, படுக்கை செய்தது எது என்று பிரிப்பது கடினம். மிகவும் ஏலாதவர்கள் ஆய்வுகூடம் வரை வரவே மாட்டார்கள். ஏமாற்றங்களும் நடந்தன. 2009இல் ஒரு வைரஸ்தான் காரணம் என்று பெரும் ஆரவாரத்தோடு வந்த கட்டுரை 2011இல் திரும்பப் பெறப்பட்டது. ரிட்டுக்சிமாப் என்ற மருந்தில் நம்பிக்கை வைத்த நோர்வேக் குழுவினரே 151 பேரிடம் சோதித்து, பலனில்லை என்று 2019இல் அறிவித்தார்கள்.

ஆகவே உறவுகளே, மூன்று விடயங்கள்.

ஒன்று: களைப்பு நீடித்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள். இரத்தச்சோகை, தைரொயிட், சீனி வியாதி, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகிய எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. பெரிபெரியின் கதையை வாசித்துவிட்டு பி1 குளிசை வாங்கிப் போட்டால் இந்நோய் மாறும் என்று எண்ணவேண்டாம். “இரத்தத்தில் கண்டுபிடித்துத் தருகிறோம்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்கவும் வேண்டாம்.

இரண்டு: “எழும்பி நட, எல்லாம் சரிவரும்” என்று தள்ளாதீர்கள். கட்டம் கட்டமாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை இங்கிலாந்தின் நைஸ் நிறுவனமே 2021இல் இந்நோய்க்கான வழிகாட்டலிலிருந்து எடுத்துவிட்டது. உடலின் கையிருப்பு எவ்வளவோ அவ்வளவுக்கே செலவு செய்யப் பழகுவதுதான் இன்றைக்கு உள்ள வழி.

மூன்று: ‘ரிப்போட் எல்லாம் நோர்மல்’ என்று வந்தால், நாம் அளக்கத் தெரிந்தவை சரியாக இருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். ஒரு பெண்ணை வேலைக்கள்ளி என்று சொல்ல அது ஆதாரமாகாது. வகுப்பில் தலையைச் சாய்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதவும் ஆதாரமாகாது. ஏலாதவருக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தன் அனுபவமும் நம்பகமான வைத்தியரின் சொல்லும் அதற்குப் போதும். ஆய்வுகூடத் துண்டு கொண்டு வா என்று அது கேட்கவில்லை. வீட்டுக்குள் நாம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

பெரிபெரிக்கு இரத்தத்தில் சாட்சி கிடைக்க பொன்டியஸின் நூலிலிருந்து ஏறக்குறைய 300 வருடங்கள் சென்றன. இந்நோய்க்கு அவ்வளவு காலம் எடுக்காது என்று நம்புவோம். அதுவரைக்கும் ஏலாதவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. அதை ஏற்றுக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி யாரும் இருந்தால் அவர்களுக்காக துஆச் செய்வோம். இன்று அவர்களின் வேலையில் ஒன்றை நாம் எடுத்துச் செய்வோம்.

வஸ்ஸலாம்.