பழைய கார்களில் இன்ஜின் சூடு: கோளாறைக் கண்டறியும் முறை

இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாக வெப்பமாக வெளியேறுகிறது. வாட்டர் பம்ப் கூலன்டைச் சுற்றவிடுகிறது. பல கார்களில் 82 டிகிரி செல்சியஸ் வாக்கில் தெர்மோஸ்டாட் திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்ப, அங்கே காற்று சூட்டை வாங்கிக்கொள்கிறது. வண்டி வேகமாகப் போனால் எதிர்க்காற்றே போதும். நெரிசலில் நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். அதனால் டெம்பரேச்சர் கேஜின் முள் எப்போது ஏறுகிறது என்பதே முதல் தடயம்.

ஃபேன் வகை

அம்பாசிடரில் ஃபேன் பெல்ட்டால் சுழல்கிறது. பெல்ட் தளர்ந்தால் ஃபேனோடு வாட்டர் பம்பும் மந்தமாகும். மாருதி 800-இல் இன்ஜின் குறுக்காக அமர்ந்திருப்பதால், ரேடியேட்டருக்குப் பின்னால் மின்சார ஃபேன் பொருத்தினார்கள். அதை இயக்குவது தெர்மோ சுவிட்ச். பெரும்பாலான பழைய கார்களில் 90 முதல் 100 டிகிரிக்குள் அது இணைப்பைக் கொடுக்கும்.

அறிகுறிகள்

சிக்னலில் ஏறும் முள் நெடுஞ்சாலையில் இறங்கினால் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையிலேயே ஏறினால் அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். உப்பு மிகுந்த போர்த் தண்ணீரையே ஊற்றிவந்த வண்டிகளில் ரேடியேட்டர் குழாய்களில் படிவு கட்டி அடைப்பு வருவது சகஜம். கூலன்ட் காரணமின்றிக் குறைவது, சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வருவது, ஆயில் பால்காப்பி நிறமாவது ஆகியவை ஹெட் கேஸ்கெட் போனதற்கான அடையாளங்கள்.

ஃபேனைச் சோதித்தல்

இன்ஜின் ஆறிய பிறகு, ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். சுற்றாவிட்டால் மோட்டார் பழுது. சுற்றினால் மோட்டார் நல்ல நிலையில் உள்ளது. அப்படியானால் ஃபியூஸ், ரிலே, வயரிங், தெர்மோ சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்கலாம். இரண்டு முனை சுவிட்ச் உள்ள வண்டிகளில் அதன் சாக்கெட்டைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, சாக்கெட்டின் இரு முனைகளையும் வயரால் இணைத்துப் பார்ப்பார்கள். அப்போது ஃபேன் ஓடினால், சுவிட்ச் பழுது என்று கொள்ளலாம். கூலன்ட் குறைந்து சுவிட்சைத் தொடாத நிலையிலும் ஃபேன் ஓடாது. அதனால் கூலன்ட் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. மூடி தாங்கும் அழுத்தத்தால்தான் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. அழுத்தம் விலகிய கணமே அது பொங்கி முகத்தில் அடிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுதல்

வண்டி சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு. அப்படிச் செய்தால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகி எரிபொருள் வீணாகும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். உண்மையான அடைப்பு உள்ளேயே இருக்கும். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் இட்டுத் திறக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. புதியதன் விலையும் குறைவுதான்.

பழுது பார்த்து முடித்ததும், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டரை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து ஐடிலில் ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் வெளியேற வெளியேறக் கூலன்டை நிரப்புவார்கள். மேல் ஹோஸ் சூடேறத் தொடங்கியதும் மூடியை மூடி, ஃபேன் தானாக ஓடித் தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுவது வழக்கம்.