பாச்சீனி கண்ட நரம்பு மணிகள்

தோலில் எழும் நுண்ணிய அதிர்வை மனிதன் எவ்வாறு உணர்கிறான் என்ற வினாவுக்குரிய விடையின் முதற்பகுதி, செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாக இத்தாலி தேசத்துப் பிஸ்டோயா நகரில் பிறந்து, அங்கேயே வைத்தியம் பயின்ற பிலிப்போ பாச்சீனி என்னும் இளம் மாணவனின் கண்ணில் 1831ஆம் ஆண்டிலேயே பட்டுவிட்டது. எனினும் அதன் முழுப்பொருள் விளங்க நூறாண்டுகளுக்கு மேலாயிற்று.

பிரேதத்தின் கையொன்றை அறுத்து ஆராய்கையில், விரல்களுக்குச் செல்லும் நரம்புகளை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அளவில் வெண்ணிற மணிகள் இருப்பதை அவர் கண்டார். கொழுப்புத் துணுக்குகளென்று வழித்தெறிந்துவிடத் தோன்றும் அவற்றைப் பொறுமையோடு பிரித்துப் பார்த்த அவருக்கு, வெங்காயத்தின் மடல்களைப் போல ஒன்றையொன்று சூழ்ந்த மெல்லிய படலங்களும், அவற்றின் நடுவே நரம்பிழையின் நுனியும் புலப்பட்டன. விட்டன்பர்க் நகரத்து ஆபிரகாம் பாட்டர் 1741ஆம் ஆண்டளவிலேயே இவற்றைக் கண்டிருந்தும், அச்செய்தி மறக்கப்பட்டுக் கிடந்தது. பாச்சீனியோ தம் ஆராய்ச்சியை விடாமல் தொடர்ந்து, 1835இல் பிளாரன்ஸ் நகர வித்துவான்களிடம் எடுத்துரைத்து, 1840இல் நூலாக வெளியிட்டார். 1844இல் ஹென்லே, கோலிக்கர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அம்மணிகளுக்கு அவர் பெயரையே சூட்டினர்.

உருவத்தைக் கண் கண்டுவிட்டது. தொழிலை அறிவதற்கோ, நரம்பில் ஓடும் மின்துடிப்பை அளக்கும் கருவிகள் தோன்ற வேண்டியிருந்தது. 1926இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் சோட்டர்மனும் தனித்த நரம்பிழைகளின் துடிப்புகளைப் பதிவு செய்து அவ்வழியைத் திறந்தார்கள். பின்னர் 1965இல் மெண்டல்சனும் லோவன்ஸ்டைனும் பூனையின் மணிகளிலிருந்து படலங்களை உரித்தெடுத்துச் சோதித்தபோது, படலம் உள்ளவரை அழுத்தம் தொடங்கும்போதும் நீங்கும்போதும் மட்டுமே மின்மாறுதல் காட்டிய நரம்பு நுனி, படலம் நீங்கியதும் அழுத்தம் நிலைத்திருக்கும் வரை அதனைக் காட்டிக்கொண்டிருந்தது. நிலையான அழுத்தத்தைப் படலங்கள் வடிகட்டிவிட்டு, விரைந்து மாறுவதை மட்டுமே உள்ளே அனுப்புகின்றன என்பது இதனால் ஸ்பஷ்டமாயிற்று. ஆகவேதான் வினாடிக்கு 200 முதல் 300 முறை வரையிலான அதிர்வுகளுக்கு அம்மணிகள் மிகக் கூர்மையாக இசைகின்றன.

இன்று வைத்தியர், இந்த அதிர்வுணர்வைச் சோதிப்பதற்காக, நீரிழிவுள்ளவரின் கால் பெருவிரல் எலும்பின்மேல் வினாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையை வைத்து, "தெரிகிறதா?" என்று வினவுகிறார். தெரியவில்லை என்ற பதில், புண் தோன்றுமுன்பே நரம்பின் நலிவை அறிவித்துக் காலைக் காக்க உதவுகிறது. பயன் இன்னதென்று அறியாத நிலையிலும், கண்ட ஒன்றை அற்பமென்று ஒதுக்காது ஆராய்வதே சாஸ்திரத்தின் தர்மம் என்பதற்குப் பாச்சீனியின் சரிதம் தக்க சான்றாகும்.