வளாகத்தில் வெறுப்புப் பேச்சு: கத்தாமல், அடிக்காமல் மாணவர்கள் கொடுத்த பதில் - ‘கிளாஸ் ஆக்‌ஷன்ஸ்’ படம் காட்டுவது என்ன?

நீங்கள் படிக்கும் கல்லூரிக்கு ஒரு கும்பல் வருகிறது. உங்களுடன் படிப்பவர்களின் நிறத்தையும் இனத்தையும் இழிவுபடுத்துவதுதான் அதன் நோக்கம். என்ன செய்வீர்கள்? பதிலுக்குக் கத்துவதா, கை ஓங்குவதா, ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ஒதுங்கிப் போவதா?

அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் 2009-ம் ஆண்டு இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. அப்போது மாணவர்கள் கொடுத்த பதிலைப் பதிவு செய்த ஆவணப்படம்தான் ‘நாட் இன் அவர் டவுன்: கிளாஸ் ஆக்‌ஷன்ஸ்’. அரை மணி நேரப் படமான இது, 2012-ல் அமெரிக்காவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிபிஎஸ்-ல் வெளியானது.

பிரச்னை எங்கே தொடங்கியது?

மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1962-ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் அங்கே சேர வந்தபோது பெரும் கலவரம் வெடித்தது. 2 பேர் உயிரிழந்தனர். மத்தியப் படைகளின் பாதுகாப்போடுதான் அவர் வகுப்புக்குப் போக முடிந்தது.

பல ஆண்டுகள் கழித்தும் அதன் சுவடு மறையவில்லை. கால்பந்துப் போட்டிகளில் பல்கலைக்கழக இசைக்குழு ஒரு பாடலை வாசிக்கும். அது முடியும் நேரத்தில் ரசிகர்கள் சிலர், ‘தெற்கு மீண்டும் எழும்’ என்று பொருள்படும் கோஷத்தை எழுப்புவார்கள். கேட்க சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் போரிட்டவை தென் மாநிலங்கள். அவை மீண்டும் எழும் என்பது கறுப்பின மாணவர்களின் காதில் எப்படி விழுந்திருக்கும்?

கோஷத்தைக் கைவிடக் கோரி முதலில் தீர்மானம் போட்டது மாணவர் பேரவைதான். அப்படியும் கோஷம் நிற்கவில்லை. இதனால் 2009 நவம்பரில், அந்தப் பாடலையே வாசிக்க வேண்டாம் என்று இசைக்குழுவுக்கு உத்தரவிட்டார் அப்போதைய வேந்தர் டான் ஜோன்ஸ்.

அன்று என்ன நடந்தது?

இந்த உத்தரவை எதிர்த்து, வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் களத்தில் இறங்கியது. 2009 நவம்பர் 21, பெரிய போட்டி நடக்கும் நாள். சுமார் 12 பேர் தங்கள் அங்கிகளை அணிந்து வளாகத்துக்குள் வந்து நின்றனர்.

எதிரே அதைவிடப் பல மடங்கு கூட்டம். அவர்களில் ஒரு பகுதி மாணவர்கள், வெறுப்புக்கு முதுகைக் காட்டு என்ற வாசகம் பொறித்த டி-ஷர்ட் அணிந்திருந்தனர். ஒவ்வொரு மனிதரின் கண்ணியத்தையும் மதிப்பதாகச் சொல்லும் பல்கலைக்கழக உறுதிமொழியை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் வாசித்தனர். கறுப்பினத்தவர், வெள்ளையர் என்று பிரிந்து நிற்காமல் ஒன்றாக நின்றனர். கிளான் கூட்டம் சிறிது நேரத்திலேயே கிளம்பிப் போய்விட்டது.

நிர்வாகமே தடை போட்டிருக்கலாமே?

இங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் வெறுப்புப் பேச்சு என்பது தனிக் குற்றம் கிடையாது. அரசுப் பல்கலைக்கழகங்கள் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்துக்குக் கட்டுப்பட்டவை. அதனால் ஒரு பேச்சு அருவருப்பானது என்பதற்காக மட்டும் அதைத் தடுக்க முடியாது.

1969-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கான எல்லையை வகுத்தது. அந்த வழக்கில் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்தவரே ஓஹியோ மாநில கிளான் தலைவர் ஒருவர்தான். உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நடப்பதற்கான வாய்ப்பும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்றது நீதிமன்றம். மிச்சிகன் பல்கலைக்கழகம் கொண்டு வந்த பேச்சுக் கட்டுப்பாட்டு விதிகளும் 1989-ல் நீதிமன்றத்தில் ரத்தாயின.

சட்டம் தடுக்காது என்றால், யார் பதில் சொல்வது? அருகில் இருப்பவர்கள்தான். அந்தப் பொறுப்பைக் கையில் எடுத்தவர்களைத்தான் படம் காட்டுகிறது.

பேச்சு எப்போது குற்றமாகிறது?

அதே வளாகத்தில் 2014 பிப்ரவரியில் நடந்த சம்பவம் இதற்கு உதாரணம். ஜேம்ஸ் மெரிடித் சிலையின் கழுத்தில் யாரோ தூக்குக் கயிறை மாட்டிவிட்டுப் போனார்கள். கறுப்பினத்தவர்களைக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட வரலாறு கொண்ட மாநிலத்தில் அது வெறும் ‘கருத்து’ அல்ல, மிரட்டல். மத்திய அரசு தொடர்ந்த வழக்கில் முன்னாள் மாணவர்கள் 2 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஒருவருக்கு 6 மாத சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது?

1993 டிசம்பரில் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில், மெனோரா எனும் யூதர்களின் விளக்குத்தண்டு வைத்திருந்த ஒரு சிறுவனின் அறை ஜன்னல் மீது கல் வீசப்பட்டது. உள்ளூர் நாளிதழ் முழுப் பக்கத்துக்கு அந்த விளக்குப் படத்தை அச்சிட்டது. யூதர் அல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதைத் தங்கள் ஜன்னலில் ஒட்டின. ‘யார் வீட்டில் கல் எறிவாய்?’ என்று ஊரே கேட்டது போல இருந்தது. அந்தக் கதையைப் படமாக்கிய ‘தி வொர்க்கிங் குரூப்’ என்ற அமைப்புதான் ‘கிளாஸ் ஆக்‌ஷன்ஸ்’ படத்தையும் எடுத்தது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் 2010-ல் யூத மாணவர் மையங்கள் மீது நடந்த கல்வீச்சுக்கு எதிராக மாணவர்களும் ஊர் மக்களும் திரண்ட கதையும் இதில் உண்டு.

ஒரு நாள் போராட்டம் போதுமா?

டி-ஷர்ட் போட்டு நின்றால் எல்லாம் மாறிடுமா என்று கேட்கலாம். மாறவில்லை என்பதே உண்மை. 2012 நவம்பரில் ஒபாமா மீண்டும் அதிபரான இரவில், அதே வளாகத்தில் மாணவர்கள் சிலர் இனவெறிக் கோஷம் போட்டனர். ஆனால் மறுநாள் இரவே நூற்றுக்கணக்கானோர் மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போனார்கள். இம்முறை பதில் சொல்ல யாரும் தயங்கவில்லை.

2015 அக்டோபரில் மாணவர் பேரவை இன்னொரு வாக்கெடுப்பு நடத்தியது. அடிமை முறையைக் காத்த தெற்குப் படையின் சின்னத்தைத் தாங்கிய மாநிலக் கொடியை வளாகத்திலிருந்து அகற்ற வேண்டும் என்பது தீர்மானம். அது நிறைவேறிய சில நாட்களில் கொடி இறக்கப்பட்டது. மிசிசிப்பி மாநிலமே அந்தக் கொடியைக் கைவிட்டது 2020-ல்தான். மாணவர்கள் 5 ஆண்டுகள் முந்திவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது என்ன?

இந்தச் சம்பவங்களில் பொதுவான விஷயம் ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தனியாகப் பதில் சொல்ல விடப்படவில்லை. குறிவைக்கப்படாதவர்களும் முன்னால் வந்து நின்றார்கள்; தாமதிக்காமல், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நின்றார்கள். வெறுப்பைப் பேசுபவரின் மனதை அது மாற்றியதா என்பது வேறு விஷயம். ‘இங்கே எனக்கு இடம் உண்டா?’ என்று பயந்து நிற்கும் மாணவருக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது.