தாய்மாரிடம் கேட்டறிந்த உண்மை

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பறந்த கொடி இறங்கிய அந்நிகழ்ச்சியை நாம் வகுப்பறையில் பெருமிதத்துடன் கற்பிக்கின்றோம். அதே மாதம் முதலாம் திகதி, மேற்கு ஜேர்மனியில் 'கொன்டெர்கன்' என்ற பெயருடன் ஒரு நித்திரைக் குளிசை விற்பனைக்கு வந்தது. அந்தத் திகதியை எந்தப் பாடநூலும் குறிப்பதில்லை. ஆயினும் கையும் காலும் குறுகிப் பிறந்த ஏறக்குறைய 10,000 குழந்தைகளின் துயரக் கதை அக்குளிசையோடு பிணைந்தது. கருவுற்றவள் உட்கொள்ளும் மருந்து சிசுவுக்குத் தீங்கானதா என்பதை மனிதகுலம் எவ்வாறு அறிந்துகொள்கிறது? கொடி இறங்கிய இத்துறைமுகத்தைச் சூழ்ந்த கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் வாழும் தாய்மாருக்கும் உரிய கேள்வி இது.

அக்குளிசையின் மூலப்பொருள் தலிடொமைட். அதனை ஆக்கிய கிரூனெந்தால் நிறுவனம் அது எவ்விதத் தீங்கும் அற்றது என்று விளம்பரம் செய்தது. வைத்தியரின் சீட்டு இல்லாமலே எவரும் வாங்கலாம். மசக்கையின் குமட்டலுக்கும் நித்திரையின்மைக்கும் கர்ப்பிணிகள் வாங்கினர். அங்கக் குறையுடன் குழந்தைகள் பிறக்கத் தொடங்கியபோது காரணம் எவருக்கும் புலப்படவில்லை. அணுகுண்டுப் பரிசோதனையின் தூசியே காரணமாகலாம் என்றும் பலர் ஐயுற்றனர். தாய்மாரோ தம்மையே நொந்துகொண்டனர்.

இந்நிலையில் ஹம்பேர்க் நகரக் குழந்தை வைத்தியர் விடுகிண்ட் லென்ஸ், பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் தந்தையான சட்டத்தரணி ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்கி, 1961இல் தாய்மாரைத் தேடி வீடு வீடாகச் சென்றார். கர்ப்ப காலத்தில் என்னென்ன மருந்து உட்கொண்டீர்கள் என்று வினாக்கொத்து ஒன்றும் கொடுத்தார். அதில் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது பேரே கொன்டெர்கனைக் குறிப்பிட்டனர். ஐயம் தோன்றியதும் அவர் அக்குளிசையின் பெயரையே சொல்லி மறுபடியும் கேட்டார். இப்போது நூற்றுக்கு ஐம்பது பேர் "ஆம்" என்றனர். முதலில் ஏன் சொல்லவில்லை? குறிப்பிடத்தக்க மருந்தாகவே அதனை அவர்கள் எண்ணவில்லை. தீங்கற்றது என்ற விளம்பரம் அவர்கள் நினைவிலிருந்தே அதனை அகற்றிவிட்டது! இலாபத்துக்காகச் சொல்லப்படும் பொய் உடலைக் கெடுப்பதோடு நில்லாது, உண்மையைக் கண்டறியும் வழியையும் அடைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நாம் அறிந்தவரை இல்லை.

1961 நவம்பர் 18இல் லென்ஸ் தமது ஐயத்தை வைத்தியர் கூட்டமொன்றில் வெளியிட்டார். ஒன்பது நாட்களில் மருந்து மீட்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிறைடும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்திருந்தார். அத்துடன் தாய்மாரின் சாட்சியத்தின் பயன் தீர்ந்துவிடவில்லை. எந்த நாளில் குளிசையை விழுங்கினாள் என்று ஒவ்வொருத்தியும் நினைவுகூர்ந்ததைக் கொண்டே, கடைசி மாதவிடாயின் பின் 34ஆம் நாள் முதல் 50ஆம் நாள் வரையுள்ள காலமே ஆபத்தானது என்று வகுக்க முடிந்தது. அந்நாட்களில் தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறியார்.

பத்தாண்டு கழித்து, 1971இல், இன்னொரு சான்று கிடைத்தது. பொஸ்ரன் நகரில் சில இளம்பெண்களுக்கு மிக அரிதான புற்றுநோய் கண்டது. அவர்களுள் ஒருத்தியின் தாய், தான் கர்ப்பமாயிருந்தபோது உட்கொண்ட 'ஸ்டில்பெஸ்ட்ரோல்' என்னும் மருந்து காரணமாகுமோ என்று கேட்டாள். ஆராய்ந்த எட்டுப் பேரில் எழுவரின் தாய்மார் அம்மருந்தை உட்கொண்டிருந்தனர். பேராசிரியர்களுக்குத் தோன்றாத கேள்வி ஒரு தாய்க்குத் தோன்றியது.

நமது நாட்டுக்கு வருவோம். இங்கே கர்ப்பிணியின் மருந்து என்றாலே ஒரு காலத்தில் கொயினாதான். 1934-35இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏழெட்டு மாதங்களில் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றது அப்போதுதான். கொழும்பு டி சொய்சா பிரசவ வைத்தியசாலையில் வைத்தியர் விக்கிரமசூரிய மலேரியாவுற்ற கர்ப்பிணிகளை ஆராய்ந்து, அவர்களில் நூற்றுக்குப் பதின்மூவர் மாண்டதை 1935இல் எழுதினார். கருவிலும் பிறப்பிலும் இழந்த சிசுக்கள் அதனினும் பல. ஆனால் கொயினா கருவைக் கலைக்கும் என்ற அச்சம் மக்களிடமும் இருந்தது, வைத்தியரிடமும் இருந்தது. காய்ச்சல் கருவைக் கலைத்தது. பழி குளிசையின்மேல் விழுந்தது. 1985இல் தாய்லாந்தில் கடும் மலேரியாவுற்ற நிறைகர்ப்பிணிகளை அவதானித்தபோதே, சாதாரண அளவில் கொடுத்த கொயினா கருப்பையை முடுக்கவில்லை என்பதும், காய்ச்சல் தணியச் சுருக்கங்களும் தணிந்தன என்பதும் தெளிந்தன. பொய்யான நம்பிக்கை ஜேர்மனியில் செய்ததை ஆதாரமற்ற அச்சம் மலேரியா நாடுகளில் செய்தது. வலிப்பு நோய்க்கு மருந்துண்ணும் பெண் கருவுற்றதும் பயத்தால் அதனைத் தானாகவே நிறுத்திவிடுவதும் இவ்வகையான அபாயமே.

கர்ப்பிணிகளைக் கொண்டு புதிய மருந்துகளைப் பரிசோதிக்க மருத்துவம் அஞ்சுகிறது. அந்த அச்சம் நியாயமானதே. ஆகையால், அறிந்தோ அறியாமலோ மருந்துண்ட தாய்மாரைக் கேட்டுப் பதிந்து, பிறந்த குழந்தையோடு ஒப்பிடுவதுதான் பெரிதும் எஞ்சியிருக்கும் வழி. ஆர்ட்டெமிசினின் சேர்ந்த மலேரியா மருந்தைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்ததும் இவ்வாறு சேர்ந்த பதிவுகளின் வலிமையினாலேயே. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும், கருவுற்றதை அறியாமல் அதனை உட்கொண்ட ஏழைப் பெண்கள் அந்த அறிவைத் தந்தவர்கள்.

இவ்வழியில் ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. குறையுள்ள குழந்தையைப் பெற்றவள் ஒன்பது மாதத்தையும் இரவு பகலாக நினைத்துப் பார்ப்பாள். நலமான குழந்தையைப் பெற்றவள் மறந்துவிடுவாள். இருவரையும் பின்னர் கேட்டு ஒப்பிட்டால் குற்றமற்ற மருந்தும் குற்றவாளியாகும். எனவே பிறப்புக்கு முன்னரே கேட்கவேண்டும். சுவீடன் 1973இல் பிறப்புப் பதிவேடொன்றைத் தொடங்கி, 1994 முதல் தாய் முதன்முறை வரும்போது மருத்துவமாதே அவளுடன் பேசி, உண்ட மருந்துகளைக் குறித்துக்கொள்ளும் முறையைச் சேர்த்தது. இலட்சக்கணக்கான தாய்மாரின் சொல் அங்கே பதிவாகியுள்ளது. வைத்தியர் எழுதிக் கொடுத்ததை மட்டுமல்ல, கடையில் தானே வாங்கியதையும் அவள் சொல்கிறாள்.

செல்வம் மிக்க நாட்டுக்குத்தான் இது இயலும் என்று கைவிரிப்பவர்களுடன் நாம் உடன்படோம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழியில் வளர்ந்த நமது குடும்பநல மருத்துவமாது, செல்வம் மிக்க பல நாடுகளிலும் காணக்கிடைக்காத ஒருத்தி. படகுத்துறைக் குடிசைக்கும் வயல்வரம்பைத் தாண்டிய வீட்டுக்கும் அவள் போகின்றாள். எட்டு வாரம் நிறையுமுன் கர்ப்பிணியைப் பதிவு செய்வது அவளுக்கு இடப்பட்ட இலக்கு. இரும்புச்சத்து, போலிக் அமிலம், திரிபோஷ எல்லாம் அவளுடைய சேவையின் வழியே தாயை அடைகின்றன. யுத்தமும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இம்மாவட்டத்தைப் பலமுறை இடம்பெயர்த்தபோதும் அந்தச் சேவை வேரற்றுப் போகவில்லை. இந்நாட்டில் எம்மருந்து தேவை, எது வீண் என்று வகுத்து, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு வழிகோலினார் பேராசிரியர் சேனக பிபிலே. அது பாதி வேலை. உள்ளே வந்த மருந்து கருவறையில் என்ன செய்கிறது என்பது மறுபாதி. அது மருத்துவமாதின் கையில் இருக்கின்றது.

கேட்கும் முறைதான் எல்லாம். "ஏதும் மருந்து குடிக்கிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் நம் தாய்மாரும் "இல்லை" என்றே சொல்வார்கள். கடையில் ஒன்றிரண்டாக வாங்கிய தலையிடிக் குளிசை, நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம், வளைகுடா நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த போத்தல் ஆகியவை அவர்கள் கணக்கில் மருந்தல்ல. ஹம்பேர்க் தாய்மாரின் கணக்கிலும் கொன்டெர்கன் மருந்தாக இருக்கவில்லை. அவர்களுடைய மொழியில், மாமியார் அருகிலில்லாத வேளையில், அதட்டாமல், ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும்: தலையிடிக்கு என்ன போட்டாய் பிள்ளை, நித்திரைக்கு என்ன, சத்திக்கு என்ன, எந்தக் கடையில் வாங்கினாய், எந்தக் கிழமை?